கர்னல் சார், முதல் வேலை நிலைக்காது

'சூரரைப் போற்று' வந்ததிலிருந்து எனக்கு வருகிற போன்களின் தொனி மாறிவிட்டது. முன்பெல்லாம் ராணுவத்திலிருந்து விலகப் பேப்பர் போட்டுவிட்டு ஊர் திரும்பப் போகிற அதிகாரி, "சார், சென்னைப் பக்கம் செக்யூரிட்டி ஹெட், அட்மின் மாதிரி ஏதாவது இருக்கா?" என்று கேட்பார். இப்போது பாதிப் பேர், "சொந்தமா ஏதாவது ஆரம்பிக்கலாம்னு ஒரு யோசனை" என்று இழுக்கிறார்கள். பின்னணியில் ஜி.வி. பிரகாஷ் இசை ஓடுவது எனக்கே கேட்கும்.

படம் எனக்கும் பிடிக்கும். ஆனால் அந்தக் கதைக்கு மூலமான மனிதர் என்ன செய்தார் என்று நிதானமாகப் பாருங்கள். கேப்டன் ஜி.ஆர். கோபிநாத் படத்தில் வருவது போல விமானப்படைக்காரர் இல்லை, தரைப்படை. 1971 போரைப் பார்த்தவர். முப்பது வயதுக்கு முன்பே வெளியே வந்துவிட்டார். அணைக்குப் போன நிலத்துக்கு ஈடாக ஹாசன் மாவட்டத்தில் குடும்பத்துக்குக் கிடைத்த இடத்தில் கூடாரம் போட்டு விவசாயம் செய்தார். பட்டுப்புழு வளர்த்தார், அதற்காக 1996-ல் ரோலக்ஸ் விருது வாங்கினார். நடுவில் மோட்டார் சைக்கிள் டீலர்ஷிப், ஹோட்டல் என்று என்னென்னவோ. 1997-ல் ராணுவத்தில் ஹெலிகாப்டர் ஓட்டிய நண்பர் கேப்டன் சாமுவேலோடு சேர்ந்து ஹெலிகாப்டர் கம்பெனி. அவருடைய விமான நிறுவனமான ஏர் டெக்கான் பறந்தது 2003-ல். ராணுவத்தை விட்டதற்கும் அதற்கும் நடுவே இருபது வருஷத்துக்கு மேல் ஓடியிருக்கிறது. அதையெல்லாம் படத்தில் காட்டினால் இடைவேளைக்கு முன்பே பாதிப் பேர் ரிமோட்டைத் தேடுவார்கள்.

எனக்கு அக்கறை அந்த இருபது வருஷத்தின் மேல்தான்.

என்னைப் பற்றி ஒரு வரி: பரங்கிமலை ஓ.டி.ஏ.வில் பயிற்சி முடித்து, ஷார்ட் சர்வீஸில் ஆர்மி சர்வீஸ் கோருக்குப் போனவன். இப்போது ஒரு தொழிற்சாலையில் சப்ளை செயின் பார்க்கிறேன். அதோடு, வேலைக்கு ஆள் எடுக்கும் மேசையின் இந்தப் பக்கமும் உட்கார்கிறேன். பழைய ஜூனியர்கள், ஜூனியர்களின் ஜூனியர்கள் எல்லாம் ரெஸ்யூமே அனுப்புவார்கள். அவர்களிடம் தனித்தனியாகச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் பார்த்தவரை விஷயம் இதுதான். வெளியே வந்ததும் கிடைக்கிற முதல் வேலை உங்கள் பதவிக்குக் கிடைப்பது. தோளில் இருந்த நட்சத்திரத்தைப் பார்த்துக் கொடுப்பார்கள். ஒன்றரை, இரண்டு வருஷத்தில் அது கசந்துவிடும், உங்களுக்கோ அவர்களுக்கோ. இரண்டாவது வேலைதான் உங்களைப் பார்த்து வருவது. ஆகவே முதல் வேலையைப் போய்ச் சேரும் இடமாக நினைக்காமல், யங் ஆபீசர்ஸ் கோர்ஸுக்குப் போனீர்களே, அந்த மாதிரி நினைத்துக்கொண்டு சேருங்கள். சம்பளத்தோடு ஒரு கோர்ஸ். அதில் என்ன கற்கப் போகிறோம் என்பதை வைத்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இதைச் சொன்னதும் வருகிற முதல் எதிர்க்கேள்வி: "சார், எனக்கு நாற்பத்தாறு வயசு. இனிமேல் கோர்ஸா?"

வயசுக்கணக்கைப் பார்த்துவிடுவோம். ஷார்ட் சர்வீஸ்காரர் பத்து வருஷம், நீட்டித்தால் பதினாலு. முப்பத்தைந்து, முப்பத்தெட்டு வயதில் வெளியே. பென்ஷன் கிடையாது, கிராஜுவிட்டி உண்டு. இவர் அழக்கூடாது, வயது இவர் பக்கம் இருக்கிறது. முழு சர்வீஸ் முடித்துக் கர்னலாக 54, பிரிகேடியராக 56-ல் ஓய்வு பெறுகிறவருக்குப் பிள்ளைகள் பெரும்பாலும் கரையேறியிருப்பார்கள். மனசுக்குப் பிடித்ததைச் செய்யலாம். சங்கடம் நடுவில் இருப்பவருக்குத்தான். லெப்டினன்ட் கர்னல் வரை காலத்தால் வந்துவிடும். அதற்கு மேலே செலக்ஷன் போர்டு. கூம்பு அங்கே சட்டென்று குறுகுகிறது. போர்டில் பெயர் வரவில்லை என்றால், கூடப் படித்தவனுக்கே சல்யூட் அடிக்க வேண்டிய நாள் வரும். இருபது வருஷம் முடிந்தால் பென்ஷன் உண்டு என்பதால் அங்கே ஒரு கூட்டம் பேப்பர் போடுகிறது. மூத்த பிள்ளை பத்தாவதோ பன்னிரண்டாவதோ. மனசில் ஒரு காயம். இந்தப் பதிவின் பெரும்பகுதி இவருக்குத்தான்.

காயத்தை இன்டர்வியூ அறைக்குள் கொண்டுவராதீர்கள். "ஏன் விட்டீர்கள்?" என்று நிச்சயம் கேட்பார்கள். போர்டு, கான்ஃபிடென்ஷியல் ரிப்போர்ட், யார் யாருக்கு வேண்டியவர் என்ற கதை எங்களுக்கு விளங்காது, வேண்டவும் வேண்டாம். "மேலே போகும் இடங்கள் குறைவு, எனக்கு இன்னும் பதினைந்து வருஷம் உழைப்பு மிச்சமிருக்கிறது" என்று நேராகச் சொன்னால் போதும். அதை மதிக்காத இடத்தில் நீங்கள் சேர வேண்டாம்.

பணத்தை முதலில் பேசியிருக்க வேண்டும், பேசிவிடுகிறேன். தானாக விலகுகிறவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று: 'ஒரே பதவி, ஒரே ஓய்வூதியம்' திட்டத்துக்கான 2015 நவம்பர் ஆணை, அதற்குப் பிறகு தன் விருப்பத்தில் விலகிப் போகிறவர்களை விலக்கி வைத்தது. அதன் மேல் வழக்குகளும் உண்டு. பேப்பர் போடுவதற்கு முன்னால் இதை மனைவியோடு உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். அடுத்தது கம்யூட்டேஷன். பென்ஷனில் பாதி வரை விற்றுக் கையில் மொத்தமாக வாங்கலாம். விற்ற பகுதி பதினைந்து வருஷம் கழித்துத்தான் திரும்பும். கிராஜுவிட்டி (உச்சவரம்பு 2024 ஜனவரியிலிருந்து 25 லட்சம்), பிராவிடண்ட் ஃபண்ட், குரூப் இன்ஷூரன்ஸ் முதிர்வு, எடுக்காத லீவுக்கான பணம் என்று எல்லாம் ஒரே சமயத்தில் வங்கிக் கணக்கில் விழும். வாழ்க்கையில் அவ்வளவு பணத்தை ஒன்றாகப் பார்த்திருக்க மாட்டீர்கள். அது விழுந்த வாரமே வங்கியின் ரிலேஷன்ஷிப் மேனேஜர் வீட்டுக்கு வருவார். பிறகு பிளாட் புரோக்கர் வருவார். பிறகு, பத்து வருஷமாகப் பேசாத கோர்ஸ்மேட் ஒரு பாலிசியோடு வருவார். ஆறு மாசம் ஃபிக்ஸட் டெபாசிட்டில் போட்டுவிட்டு யாருக்கும் பதில் சொல்லாமல் இருங்கள். பிளாட் எங்கும் ஓடிப்போகாது.

சம்பளம் பேசும்போது சி.டி.சி. என்ற எண்ணைப் பார்த்து மயங்குகிறவர்கள் அதிகம். கம்பெனி கட்டும் பி.எஃப்., கிராஜுவிட்டி, இன்ஷூரன்ஸ், வந்தாலும் வரலாம் என்கிற வேரியபிள் பே, எல்லாம் சேர்ந்த எண் அது. கையில் வருவது எவ்வளவு என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை. இந்தப் பக்கம் உங்கள் ராணுவச் சம்பளத்தையும் சரியாகக் கணக்கிடுங்கள். குவார்ட்டர்ஸ், கேன்டீன், மிலிட்டரி ஆஸ்பத்திரி, பிள்ளைகளின் பள்ளி ஆகியவற்றுக்கு விலை போட்டுப் பாருங்கள். வேளச்சேரியிலோ ஓ.எம்.ஆரிலோ மூன்று படுக்கையறை வீட்டுக்கு வாடகையும் அட்வான்ஸும் கேட்டுவிட்டு வந்து, அப்புறம் "டபுள் சம்பளம் சார்" என்று சொல்லுங்கள்.

சரி, ரெஸ்யூமே.

எனக்கு வருவதில் பத்துக்கு எட்டு 'லீடர்ஷிப்', 'டிசிப்ளின்' என்று ஆரம்பிக்கின்றன. அடுத்த வரியில் '800 பேர் கொண்ட பட்டாலியனை வழிநடத்தினேன்'. படிக்கிற எச்.ஆர். பெண்ணுக்கு இருபத்தெட்டு வயது. அவர் கேட்காமல் விடுகிற கேள்விகள் இவை: அந்த 800 பேரை நீங்கள் வேலைக்கு எடுத்தீர்களா? சம்பளத்தை நீங்கள் முடிவு செய்தீர்களா? பிடிக்கவில்லை என்று அவர்கள் ஒரு மாத நோட்டீஸில் போயிருக்க முடியுமா? மூன்றுக்கும் இல்லை என்பதுதான் பதில். அப்படியானால் அந்த 800 அவருக்கு வெறும் எண்.

என் கோரிலிருந்தே ஒரு உதாரணம் சொல்கிறேன். லடாக்கில் குளிர்காலத்துக்கு முன்னால் நடக்கும் 'அட்வான்ஸ் வின்டர் ஸ்டாக்கிங்'. ஸ்ரீநகரிலிருந்து போகும் பாதை சோஜி லா கணவாயைத் தாண்ட வேண்டும். பதினோராயிரம் அடிக்கு மேல். பனி விழுந்து வழி அடைவதற்குள் மாதக்கணக்கில் தேவையான அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய், மருந்து, உதிரிப்பாகம் எல்லாம் மேலே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். எதை எவ்வளவு, எந்த வரிசையில், எந்த லாரியில், எங்கே இறக்கி, அங்கிருந்து கோவேறு கழுதையிலா போர்ட்டர் முதுகிலா என்பது வரை ஒரு கேப்டனோ மேஜரோ உட்கார்ந்து திட்டம் போடுகிறார். தப்புக் கணக்குப் போட்டால் பிப்ரவரியில் கடைக்குப் போய் வாங்க முடியாது. ஒரு எஃப்.எம்.சி.ஜி. கம்பெனியின் டிமாண்ட் பிளானர் செய்கிற வேலை இதுதான். அவருக்கு ஆக்சிஜன் உண்டு, அவ்வளவே வித்தியாசம். ஆனால் இதைச் செய்த அதிகாரி ரெஸ்யூமேயில் என்ன எழுதியிருந்தார் தெரியுமா? 'உயரமான பகுதியில் பணியாற்றியவர்'. முடிந்தது.

நான் அவரிடம் கேட்டது நாலு கேள்விகள். எத்தனை டன்? எத்தனை வகைப் பொருள்? எத்தனை வாரத்தில்? வீணானது எவ்வளவு? பதில்கள் அவர் விரல் நுனியில் இருந்தன. அவற்றில் வெளியே சொல்லக்கூடியதை மட்டும் எழுதச் சொன்னேன். இந்தக் கடைசி வாக்கியத்தை அலட்சியம் செய்யாதீர்கள். யூனிட் எங்கே இருந்தது, எந்த ஆபரேஷன், எத்தனை துருப்பு என்பதெல்லாம் லிங்க்ட்இன்னில் போட உங்களுக்கு உரிமை இல்லை. அலுவல் ரகசியச் சட்டம் 1923-லிருந்து இருக்கிறது. நீங்கள் ரிட்டயர் ஆனதற்காக அது ரிட்டயர் ஆகாது. 'வெளிநாட்டு ஆலோசனை நிறுவனம், ஒரு கட்டுரைக்கு இவ்வளவு டாலர்' என்று அழகாகப் பேசி வருகிற முன்பின் தெரியாத ஆட்களிடமும் ஜாக்கிரதை.

தமிழ்நாட்டில் ஒரு ராணுவ அதிகாரிக்குச் சுலபமாகத் திறக்கும் இன்னொரு கதவு, தொழிற்சாலையில் எச்.ஆர். அல்லது பிளான்ட் அட்மின். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், ஓசூர், கோயம்புத்தூர் எல்லா இடத்திலும் ஒரு 'கர்னல் சார்' இருப்பார். முதலாளிகள் மனசில் ஓடுவது: ராணுவக்காரர், குரலை உயர்த்தினால் ஆட்கள் அடங்கிவிடுவார்கள். இந்த எதிர்பார்ப்போடு உங்களை எடுக்கிறார்கள் என்று வாசனை வந்தால் அங்கே சேராதீர்கள்.

காரணம் சொல்கிறேன். ராணுவத்தில் சங்கம் கிடையாது. அரசியலமைப்பின் 33-வது பிரிவு அந்த உரிமையைக் கட்டுப்படுத்த நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. 1950-ன் ராணுவச் சட்டம் அதைச் செய்தும் இருக்கிறது. அதாவது, இருபது வருஷம் ஆட்களை நிர்வகித்த நீங்கள் ஒரு யூனியன் செகரட்டரியை எதிரில் உட்காரவைத்துப் பேசியதே இல்லை. அவருக்குத் தொழிலாளர் சட்டம் தலைகீழாகத் தெரியும். உங்கள் குரலுக்கு அவர் டீயை ஒரு மடக்குக் குடித்துவிட்டுச் சிரிப்பார்.

ஆனால் இதே வேலையில் பிரமாதமாக நிற்கிற ஒரு காலாட்படைக்காரரை எனக்குத் தெரியும். அவர் என்ன செய்தார்? சேர்ந்த முதல் மாதத்தில் சட்டப் புத்தகங்களை வாங்கிப் படித்தார். ராணுவத்தில் நடக்கும் சைனிக் சம்மேளனம் மாதிரி மாதத்துக்கு ஒரு நாள் எல்லா ஷிப்டையும் கூட்டி, யார் வேண்டுமானாலும் எழுந்து கேட்கலாம் என்றார். முதல் இரண்டு மாதம் ஒருவரும் எழவில்லை. மூன்றாவது மாதம் ஒரு பெண் எழுந்து கழிப்பறையைப் பற்றிப் பேசினார். அன்று சாயங்காலமே அது சரியானது. அதற்குப் பிறகு கூட்டம் முடிக்க நேரம் போதவில்லையாம்.

இன்னொன்று, அவர் தினமும் கேன்டீனில் தொழிலாளர் வரிசையில் நின்று சாப்பிட்டார். சிப்பாய்களின் சமையற்கூடமான லங்கரில் சமைத்ததை ஆபீசர் ருசி பார்க்கிற பழக்கம் நமக்கெல்லாம் ரத்தத்தில் ஊறியது; அவர் அதை விடவில்லை, அவ்வளவுதான். இது சின்ன விஷயம் என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று ஞாபகப்படுத்துகிறேன். 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம், விடுதிச் சாப்பாட்டால் உடம்புக்கு முடியாமல்போன தங்கள் தோழிகளுக்காகப் பெண் தொழிலாளர்கள் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். உலகம் முழுக்க அது செய்தி ஆனது. பெரிய கம்பெனிகளின் ரிஸ்க் ரிஜிஸ்டரில் சைபர் தாக்குதல் இருக்கும், நாணய மதிப்பு இருக்கும். சாம்பார் இருக்காது. லங்கரில் கரண்டியை எடுத்து ருசி பார்த்த ஆளுக்குத்தான் அது தோன்றும். ரெஸ்யூமேயில் லீடர்ஷிப் என்று எழுதுகிறீர்களே, இன்டர்வியூவில் இதைச் சொல்லுங்கள்.

ஓய்வுபெறும் படையினரின் மறுவாழ்வைப் பார்க்கும் இயக்குநரகமான டி.ஜி.ஆர். பற்றிக் கேட்பீர்கள். ஓய்வுக்கு முந்தைய காலத்தில் ஐ.ஐ.எம்.கள் உள்ளிட்ட நிறுவனங்களில் கிட்டத்தட்ட ஆறு மாத மேனேஜ்மென்ட் கோர்ஸுக்கு அனுப்புவார்கள். கட்டணத்தில் 40 சதவீதம் உங்களுடையது, மீதி அவர்களுடையது. கட்டாயம் போங்கள். பாலன்ஸ் ஷீட் படிக்கக் கற்பீர்கள், முப்படை ஆட்களும் ஒரே பெஞ்சில் இருப்பார்கள், முக்கியமாக ஆறு மாதம் சிவில் சட்டையில் வாழ்ந்து பழகுவீர்கள். ஆனால் ரெஸ்யூமேயில் அதை எம்.பி.ஏ. என்கிற தோரணையில் எழுதாதீர்கள். எங்களுக்கு வித்தியாசம் தெரியும். அதே டி.ஜி.ஆர். வழியாக செக்யூரிட்டி ஏஜென்சி நடத்தும் திட்டம், நிலக்கரி ஏற்றிச்செல்லும் திட்டம் எல்லாம் உண்டு. அவை தொழில், சம்பளத்துக்குப் பழகிய மனசு அதில் முதல் வருஷம் தூங்காது.

இப்போது புதிதாக வந்திருக்கும் ஆசை டிஃபென்ஸ் கம்பெனிகள். சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சி ஆகிய ஐந்து ஊர்களை இணைத்துப் பாதுகாப்புத் தொழில் வழித்தடம் வந்த பிறகு, டிரோன் செய்கிறவர், உதிரிப்பாகம் செய்கிறவர் எல்லாரும் முன்னாள் அதிகாரி ஒருவரைத் தேடுகிறார்கள். போகலாம். எதற்கு எடுக்கிறார்கள் என்று மட்டும் முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். சிப்பாய் இந்தக் கருவியைப் பனியில் கையுறையோடு எப்படிப் பிடிப்பான் என்று சொல்ல எடுத்தால் அது பத்து வருஷ வேலை. தில்லியில் பழைய சிநேகிதர்கள் கதவைத் தட்ட எடுத்தால், அந்தச் சிநேகிதர்கள் எல்லாம் இரண்டு, மூன்று வருஷத்தில் வேறு போஸ்டிங்குக்குப் போய்விடுவார்கள். அப்புறம் உங்கள் போன் புத்தகத்துக்கு விலை இல்லை. உயர்பதவியில் இருந்தவர்கள் ஓய்வுக்குப் பின் உடனே தனியார் வேலையில் சேர அரசின் முன் அனுமதி வாங்க வேண்டியிருக்கும். சேர்ந்த பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள்.

எங்கே சேர்ந்தாலும் பாஸுக்கு முப்பத்திரண்டு வயது இருக்கும். பேர் சொல்லிக் கூப்பிடச் சொல்வார். பத்து மணி மீட்டிங்குக்குப் பத்தே காலுக்கு வருவார். நீங்கள் ஒன்பது ஐம்பதுக்கே உட்கார்ந்திருப்பதை யாரும் கவனிக்க மாட்டார்கள். அந்தப் பத்து நிமிஷத்தில் பக்கத்து சீட்டுப் பையனிடம் எக்செல்லில் பிவட் டேபிள் போடக் கற்றுக்கொள்ளலாம். கிளார்க்கிடம் கொடுத்து டைப் அடித்து வாங்கிய காலம் போய்விட்டது.

மேடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இரண்டு வருஷத்துக்கு ஒரு போஸ்டிங், ஒவ்வொரு ஊரிலும் புதுப் பள்ளியில் தற்காலிக டீச்சர், ஃபீல்ட் ஏரியா என்றால் தனியாகப் பிள்ளைகள். பி.எட்.டும் எம்.எஸ்ஸி.யும் பெட்டியில் கிடந்த பெண்கள் இவர்கள். முதல் முறையாக ஒரே ஊரில் நிற்கப் போகிறீர்கள். எந்த ஊர் என்பதை உங்கள் ஆஃபர் லெட்டர் மட்டும் முடிவு செய்ய வேண்டாம். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் மனைவிக்குக் கோவையில் நிரந்தர வேலை கிடைத்ததும் கணவர் சென்னை ஆஃபரை விட்டுவிட்டார். ஒரு வருஷம் சும்மா இருந்தார். பிறகு அங்கேயே ஒரு மில்லில் சேர்ந்தார். கேட்டால் அந்தச் சும்மா இருந்த வருஷத்தில்தான் தூங்கினேன் என்கிறார்.

வெளியே வருவதற்கு முன் எடுக்க வேண்டிய காகிதங்களை யூனிட்டின் அட்ஜுடன்ட் பார்த்துக்கொள்வான் என்று விட்டுவிடாதீர்கள். இனிமேல் உங்களுக்கு அட்ஜுடன்ட் இல்லை. பென்ஷனுக்கான ஸ்பர்ஷ் தளத்தில் பெயர், பிறந்த தேதி, வங்கி விவரம், மனைவி பெயரின் எழுத்துகள் எல்லாம் ஆதாரோடு ஒத்துப்போகின்றனவா என்று இப்போதே பாருங்கள். நம் ஊர் இனிஷியல் வடக்கே உள்ள கணினிக்குப் புரியாது. மருத்துவ வசதிக்கான ஈ.சி.எச்.எஸ். அட்டைக்கு விண்ணப்பம், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் பதிவு, இரண்டையும் ஊருக்கு வந்த முதல் மாதத்திலேயே முடித்துவிடுங்கள்.

ரெஸ்யூமே அனுப்ப விரும்புகிறவர்கள் அனுப்பலாம். இரண்டு பக்கத்துக்கு மேல் போனாலோ, முதல் பத்தியில் லீடர்ஷிப் என்ற சொல் இருந்தாலோ படிக்காமல் திருப்பி அனுப்புவேன். யூனிஃபார்ம் போட்டோ வேண்டாம்.